காது தெறக்குற நாள்

இல்லவே, காப்பி வேண்டாம். காப்பி குடிக்க நான் வரல. அந்தக் கயித்தக் கீழ போட்டுட்டு இப்படித் திரும்பும். இம்புட்டு நேரமும் உம்ம முதுகுக்குப் பின்னால நின்னு கத்திக்கிட்டு இருந்தேன். உம்ம வீட்டுக்காரி பிலோமி வந்து தோளத் தொட்டுத்தான் நிமிந்தீரு.

ஆமா, வாத்தியாருதான். காசிலிங்கம். உம்ம மகன் வளனுக்கு ஹைஸ்கூல்ல சங்கீதம் சொல்லிக்குடுக்குறவன். சேச்சே, அவன் ஒரு தப்பும் பண்ணல. நாளைக்கு அவனச் சங்கு குளிக்கக் கூட்டிட்டுப் போறீராமே. மொதக் குளி. அத நிறுத்தத்தான் வந்தேன்.

சிரிக்காதேயும்.

வள்ளத்துக்கே வரக்கூடாதுன்னு சொல்லல. வரட்டும். உம்ம மகன், உம்ம வள்ளம். நான் கேக்குறது ஒண்ணுதான். தண்ணிக்குள்ள எறக்காதேயும். கீழ போறவனோட கயிறு மேல ஒருத்தன் கையில இருக்குல்ல, அந்த ஒருத்தனா இருந்துட்டுப் போகட்டும். அவன் இழுத்தா இவன் தூக்கட்டும். கயிறு பிடிக்கட்டும். அவ்வளவுதான்.

எதுக்கா. காதுக்குவே.

தெரியாத மாதிரி பாக்கீரு. கல்லைக் கட்டிக்கிட்டு அம்புட்டு ஆழம் போனா மொத நாளே காதுக்குள்ள சவ்வு கிழியும். ரத்தம் வரும். உங்க ஆளுக அதுக்குக் காது தெறந்துட்டுன்னு பேரு வச்சிருக்கீய. தெறந்த அன்னைக்குத் தெருவே வந்து பையன் வாயில கருப்பட்டி போடும். பிலோமி நேத்தே கருப்பட்டி வாங்கி வச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். பெத்த பிள்ளை காதுல ரத்தம் வாறதுக்குக் கருப்பட்டி. நல்ல ஊரு.

தெறந்த பொறவு வலிக்காதுங்கீரு. வலிக்காதுதான். கிழிஞ்ச துணியில இன்னும் எங்கன கிழிக்க.

உமக்கு நல்லாக் கேக்குதா. ரொம்ப சந்தோசம். இப்ப மாதா கோயில்ல மணி அடிச்சுதே, எந்த மணி? பெருசா, சின்னதா? யோசிச்சுச் சொல்லும்.

சின்னதா. சரி.

மணி அடிக்கலவே.

கோவப்படாதேயும். உக்காரும். நான் செஞ்சது மரியாதையில்லதான். வேற எப்படிச் சொல்ல உமக்கு. வாழ்நாள் பூரா சத்தத்தோட மாரடிச்சவன் நான். ஒரு காது போறதப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது.

சந்தியாகு மகன் மிக்கேல உமக்குத் தெரியும். அடுத்த தெருவுதான. எங்கிட்டப் படிச்சவன். குரல்னா அது குரலு. உங்க ஆளுக கூட்டிட்டுப் போனாவ, காதத் தெறந்து விட்டாவ. காச்சல்னு சொல்லிக் கொஞ்ச நாள் வரல. பொறவு வந்து அவன் எடத்துல உக்காந்தான். பாடுலேன்னேன். பாடுனான். சுருதி இங்கன நிக்கி, அவன் அங்கன நிக்கான். ஒரு மயிரிழ எறங்கி நிக்கான். அவனுக்குத் தெரியல. கண்ண மூடிக்கிட்டுச் சொகமாப் பாடுதான். பக்கத்துல இருந்தவன் சிரிச்சான். அவனுக்கு அதுவும் கேக்கல. கண்ணத் தொறந்து எல்லா மூஞ்சியையும் ஒரு சுத்துப் பாத்தான் பாரும், அப்பத்தான் வெளங்குச்சு அவனுக்கு. மறுநாள் வரல. எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. ரோட்டுல பாத்தா இப்பவும் மறுபக்கம் போயிருதான்.

அதனாலதான் உம்மகிட்ட முன்கூட்டியே வந்தேன்.

பாட்டுக்குக் குரல்தான் வேணும், காது எதுக்குங்கீரு. அதச் சொல்லத்தான் சம்பளம் வாங்குதேன், கேளும். என் வகுப்புல மொதல்ல வாயத் தொறக்க விடமாட்டேன். மொதல்ல கேக்கணும். நல்லாக் கேட்டாத்தான் நல்லாப் பாட முடியும். பாடத் தெரிஞ்ச பொறவுதான் சொந்தமா ஒரு மெட்டுக் கட்ட முடியும். பரிச்சைக்கு மெட்ராஸ்லேருந்து வாறவனும் இந்த மூணையும்தான் கேப்பான். ஒண்ண எடுத்தா மத்த ரெண்டும் நிக்காது.

எப்படிக் கேக்கப் பழக்குதேன்னா, சாயங்காலம் பாலத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போவேன். கண்ண மூடுங்கலே, கேக்குறதச் சொல்லுங்கலேம்பேன். ஒருத்தன் காக்காம்பான். ஒருத்தன் ரயிலும்பான். ஏரல் கருப்பட்டி ஏவாரி மகன் ராஜதுரைன்னு ஒருத்தன் இருக்கான், பசிக்குது சாரும்பான். உம்ம மகன் என்ன சொன்னாங்கீரு. தோணியில பாய் ஏத்துதாவ சார், எல்லாரும் சேந்து குரல் குடுக்காவ, ஒருத்தரு மட்டும் பிந்திப் பிந்தி வாராரு, அவருக்கு மேலுக்குச் சொகமில்ல போலன்னான். நான் கண்ணத் தொறந்து பாத்தேன். தோணி எங்கயோ கெடக்கு. எனக்கு மொத்தமா ஒரு எரைச்சல்தான் கேக்குது. எனக்கே, வே.

அப்பமே முடிவு பண்ணிட்டேன், இந்தக் காத விடக்கூடாதுன்னு.

இரும், எந்திரிக்காதேயும். இன்னும் ஒண்ணு இருக்கு. அதக் கேட்டுட்டு எந்திரியும்.

ஆளுக்கொரு பாட்டுக் கட்டிட்டு வாங்கலேன்னு சொன்னேன். நாடகக் கொட்டகை மெட்டுல வார்த்தையப் போட்டுக் கொண்டாந்தா முதுகுத் தோல உரிப்பேன், அவனவன் வீட்டுலேருந்து எடுத்துட்டு வரணும்னு சொல்லிட்டேன். அந்த ராஜதுரை பல்லவியில கருப்பட்டிய வச்சிருந்தான். அனுபல்லவியில சில்லுக்கருப்பட்டி. சரணத்துல என்னலே வச்சிருக்க, புளியான்னு கேட்டேன். ஆமா சாருங்கான். மெட்டு கொட்டகை மெட்டேதான்.

கடைசியா உம்ம மகன் எந்திரிச்சான். வள்ளத்துல நீங்க துடுப்புப் போடும்போது பாட்டுல ஒரு இழுப்பு இழுப்பீகளே, அத எடுத்துக்கிட்டான். அப்படியே எடுத்துக்கல, பையப் பைய இழுத்து, ஒரு சொரத்துல கொண்டு போயி நிறுத்தி, நல்லாத்தான் கட்டியிருந்தான். பாதிப் பாட்டுல நின்னுட்டான். கை மட்டும் தாளம் போடுது. வாய் தொறக்கல. மறந்துட்டான்னு நெனைச்சேன். ஏலே, பாடம் பண்ணாம வந்தியான்னு கம்ப எடுத்துட்டேன். அவன் தாளத்த விடாம, எம் மூஞ்சியப் பாத்து, அப்பா கீழ இருக்காவ சாருன்னான்.

அப்பா கீழ இருக்காவ.

வெளங்குதாவே. நீரு தண்ணிக்குள்ள இருக்கீரு. மேல இருக்குறவுக மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கயித்தப் பாத்துக்கிட்டு இருக்காவ. அந்த நேரத்துக்குப் பாட்டு கெடையாது. அத அவன் அப்படியே பாட்டுக்குள்ள வச்சிருக்கான். தாளம் சுத்தி வருது, சுத்தி வருது, வகுப்பு மொத்தமும் மூச்சு விடல, அந்த ராஜதுரைப் பய கூட விடல. பொறவு எடுத்தான் பாரும். சரியா எடுக்க வேண்டிய எடத்துல, ஒரு நூலு முந்தல பிந்தல. நீரு மேல வந்துட்டீரு.

நான் திரும்பி நின்னு போர்ட அழிச்சேன். போர்டுல ஒண்ணும் இல்ல.

இத உம்மகிட்ட அவன் சொல்லிருக்க மாட்டான். பாடிக் காட்டுனானா? பாடுனான், சரியாக் கேக்கலங்கீரு. ம்.

உம்ம கஷ்டம் தெரியாமப் பேசல, பிச்சையா. சண்டையால ரெங்கூன் அரிசி நின்னு போச்சு. உமக்கு மூச்சு முன்ன மாதிரி நிக்கல. அதுவும் தெரியும். அவன் சொல்லல, நானே பாத்தேன், தெரு முக்குலேருந்து தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு வந்து செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னீரு. எறங்க ஆளு வேணும். வீட்டுல ஆம்பளப் பிள்ள அவன் ஒருத்தன்தான். எல்லாம் சரி. ஆனா உம்ம தம்பி மகன் வளந்து நிக்கான். அவனுக்குப் பாட்டும் வராது, பாடமும் வராது, தண்ணின்னா மீன் மாதிரி. அவன எறக்கும். அவன் மேல எனக்கு இரக்கம் இல்லையான்னு கேட்டா, இல்லவே. இருக்குறது கொஞ்சம். அத இவனுக்கு வச்சுக்கிட்டேன்.

கயிறு பிடிச்சா பங்கு கம்மிதான். குளிகாரன் மகன் கயிறு பிடிக்கான்னு தெரு சிரிக்கும். சிரிக்கட்டும். எம் பொழப்பப் பாத்துச் சிரிக்காத ஆளா. சங்கீதம்லாம் ஒரு பாடமான்னு ஹெட்மாஸ்டரே மூஞ்சிக்கு நேரா கேட்டாச்சு. செத்துட்டனா.

கால்ல விழணுமா, சொல்லும். நான் உமக்கு மூத்தவன், பாக்க நல்லா இருக்காது, உம்ம ஆளுக வேற நிக்காவ. அதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. விழுந்துருதேன்.

சரி, சரி, விழல. கைய விடும்.

நாளைக்கு ஒரு நாள் தள்ளிப் போட்டாப் போதாதுவே. ஒரு நாள் தள்ளுனா மறுநாள் கூட்டிட்டுப் போவீரு. பூசையில சாமியார்கிட்ட மந்திரிச்சு அந்தோணியாரு படம் போட்ட ஒரு சுருவத்தக் கழுத்துல கட்டி விடுதேங்கீரு. கட்டும், நல்லது. அது சுறாவுக்கு ஆகும். தண்ணி அமுக்குறதுக்கு அந்தோணியாரு என்ன செய்வாரு பாவம்.

அவனக் கேட்டீராமா. என்ன சொன்னான்? அப்பா சொன்னா எறங்குவேன்னானா. சொல்லுவான். அவன் வேற என்ன சொல்லுவான். நீரு மூச்சு வாங்கிக்கிட்டு மேல வாறத வள்ளத்துல உக்காந்து பாத்தவன் அவன். அந்தப் பாட்டக் கட்டுனவன். எறங்க மாட்டேன்னு அவன் வாயிலேருந்து வராது. அதனாலதான் உம்ம வாயிலேருந்து வர வைக்கலாம்னு வந்தேன்.

என்ன? சத்தமாச் சொல்லும், இப்ப எனக்குக் கேக்கல. காத்து அடிக்கி.

பரிச்சை முடியிற வரைக்கும் கயிறு பிடிக்கட்டும்.

பிலோமி சொல்லுதாளா. நீரும் சரிங்கீரா. பரிச்சை முடியிற வரைக்கும் எறக்க மாட்டீரு. பொறவு எறக்குவீரு. தம்பி மகன் அது வரைக்கும் எறங்குவான். சத்தியமா? மாதா மேல சத்தியமாங்கீரா. நம்புதேன். நீரு பொய் சொல்லுத ஆளு இல்ல.

நல்ல மனசுவே உமக்கு. வரும்போது வேற மாதிரி நெனைச்சேன்.

தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுக்கச் சொல்லும். தொண்ட காஞ்சிட்டு.

எப்பவா. பரிச்சை எப்பன்னா கேக்கீரு.

சித்திரையிலன்னு சொன்னா நம்பிருவீரு. அடுத்த வருசம்னு சொன்னாலும் நம்புவீரு. நடந்து வரும்போது அதத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன், எந்த மாசத்தச் சொல்லலாம்னு.

பரிச்சை இல்லவே.

வகுப்பே இல்ல. வெள்ளிக்கிழமையோட எடுத்துட்டாவ. கொழும்புல குண்டு விழுந்தது இங்கன விழ எத்தன நேரமாகும்னு கமிட்டியில பேசிருக்காவ. எங்க பீரியட்ல இனி டிரில்லு. குண்டு விழுந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு பையங்களுக்குப் பழக்கப் போறாவளாம். சுருதிப் பெட்டியத் தூக்கி மேப்பு அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு. என்னையும் இனி வர வேண்டாம்னுட்டாவ. வளனுக்கு இன்னும் தெரியாது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போனாத் தெரிஞ்சிரும், அவன்தான் உம்ம கூட வள்ளத்துல வாரானே.

அப்ப எதுக்கு வந்தீருன்னு கேளும். கேக்கணும்ல. எனக்கும் வெளங்கல. அவன வச்சு இனி நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. அவன் பாட்டுக்கு மார்க்குப் போட ஒருத்தனும் வரப் போறதில்ல. வள்ளத்துல உக்காந்து கயிறு பிடிச்சுக்கிட்டு, பிந்திப் பாடுறவன் யாருன்னு கண்டுபிடிச்சுக்கிட்டுக் கெடப்பான். அதுக்கு ஒரு பிரயோசனமும் கெடையாது.

அதனால பரிச்சை முடியிற வரைக்கும்னு சொல்லாதேயும் பிச்சையா. எப்பவும்னு சொல்லும்.