ஹெட்போனுக்குள் மட்டும்

மாலை ஐந்து மணிதான். ஆனால் ஜனவரி. ஜெர்மனியில் சோஸ்ட் நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றை வீதி. விளக்கில்லை. பனிப்புகார்... முன்னால் போகும் காரின் சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியாது.

அந்த வீதியில்தான் மிதுஷன் காரை நிறுத்தி வேணுஜாவை இறக்கிவிட்டான்.

என் தோழி தக்சாயினியின் கணவனுடைய தம்பி அவன். கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

மிதுஷனும் வேணுஜாவும் சேர்ந்துதான் கல்யாணங்களுக்கு டிஜே செய்தார்கள். மேடையில் நின்று ஆடுவது அவன். பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தது அவள். எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில், தனித்தனி ஃபோல்டராக. 'பொம்பிளை வரேக்கை.' 'கேக் வெட்டேக்கை.' 'சித்தப்பாமார், ரெண்டு கிளாசுக்குப் பிறகு.' ஒவ்வொரு பாட்டிலும் எந்த இடத்தில் சனம் எழும்பி ஆடும் என்று கேட்டுக் கேட்டு, அங்கே ஒரு நிறக் குறி வைத்திருப்பாள். குறியை அழுத்தினால் பாட்டு நேரே அந்த இடத்துக்குத் தாவும்.

அவன் தனியாகத் தொழில் செய்ய அதில் ஒரு பிரதி கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். காருக்குள் சண்டை. அவளை இறக்கிவிட்டான். டிஸ்க் பின்சீட்டிலேயே இருந்தது.

காலையில் வயலோரம் அவளைக் கண்டெடுத்தார்கள். ஏதோ ஒரு லொறி தட்டிவிட்டுப் போயிருக்கிறது.

"ரெயில் ஸ்டேஷனில இறக்கிப்போட்டுத்தான் வந்தனான், அன்ரி." வேணுஜாவின் தாய் பவளம் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் அழுதான். அவர் நம்பினார். எவ்வளவு நம்பினார் என்றால், மகன் மதீசனின் கல்யாணம் வந்தபோது அவனையே கூப்பிட்டார்.

"அவள் சேர்த்த பாட்டுகளை நீயே போடு, மோனை. அவளே வந்து நிண்ட மாதிரி இருக்கும்."

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஓம் என்றான்.

வீட்டுக்கு அடியில் இருக்கும் கெல்லரில் உட்கார்ந்து பழகத் தொடங்கினான். ஃபோல்டர்களின் பெயரை மாற்றினான். அவளுடைய குறிகளை அழித்தான். தன்னுடையதை வைத்தான். அடுத்த நாள் திறந்தால்... ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் ஒரு வெள்ளைக் குறி. அவன் வைத்ததல்ல.

அழுத்தினான்.

ஹெட்போனுக்குள் பாட்டு நின்றது. வைப்பர் தேய்க்கும் சத்தம்... சரக்... சரக்... எங்கிருந்தோ ஈரக் கம்பளிக் கோட்டின் மணம். பிறகு அவள் குரல்.

"மிது, விளையாடாதை. இருட்டாக் கிடக்கு."

அடுத்த பாட்டு. கார்க் கதவு அடித்துச் சாத்துகிறது.

அதற்கடுத்தது. சரளைக்கல்லில் சப்பாத்துக் காலடி. ஓடி வருகிறது. கண்ணாடியில் கை... தட்டுகிறது... தட்டுகிறது...

"அக்கா, அந்த யன்னலை ஒருக்காச் சாத்துங்கோ" என்கிறாள் கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி.

சாத்தித்தான் கிடக்கு. பேசாமல் கேள்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். அதே குறியை ஸ்பீக்கரில் போட்டான். வெறும் பாட்டு. மறுபடி ஹெட்போன். கண்ணாடியில் கை. மறுபடி ஸ்பீக்கர். பாட்டு.

தக்சாயினியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைக் கேட்க வைத்தான்.

"நல்ல பாட்டுத்தானே. ஏன்டா இப்பிடி வேர்த்துக் கிடக்கிறாய்?"

"ஒண்டுமில்லை, அண்ணி."

அவனுக்கு நிம்மதி. தனக்கு மட்டும்தான் கேட்கிறது. கேட்டால் கேட்கட்டும். மண்டபத்துக்குக் கேட்காது.

கல்யாண நாள். பொம்பிளை வந்தாள். கேக் வெட்டினார்கள். அன்று ஹெட்போனுக்குள் வைப்பர் இல்லை. கதவு இல்லை. சுத்தமான பாட்டு. போய்விட்டாள் என்றே நினைத்தான். இரண்டு காதையும் மூடி, கண்ணையும் மூடி, தலையை ஆட்டி ஆட்டி...

கண்ணைத் திறந்தபோது ஒருவரும் ஆடவில்லை.

எல்லோரும் நின்ற இடத்தில் நின்று ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தாய்மாரின் சேலைக்குள் முகம் புதைத்திருந்தார்கள். பவளம் அன்ரி சனத்தின் நடுவால் நடந்து வந்தார். குழந்தைக்குத் தொப்பி கழற்றுவதுபோல, அவன் தலையிலிருந்த ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

அப்போதுதான் அவனுக்கும் கேட்டது. மண்டபம் முழுக்க அவனுடைய சொந்தக் குரல்.

"நடந்து போ. அப்பதான் உனக்குப் புத்தி வரும்."

கார் உறுமிக்கொண்டு போகிறது. பிறகு... அவன் ஒருநாளும் கேட்டிராத மிச்சம். தனியாக நடக்கும் சப்பாத்து. குளிரில் நடுங்கும் மூச்சு. "அம்மா..." என்று ஒரு முறை. வெகு தூரத்தில் ஒரு லொறி.

அவன் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அன்ரி அந்தக் கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டாதை. என்ரை பிள்ளை இன்னும் வீட்டை வந்து சேரேல்லை."

அவன் அழுதுகொண்டே உதவிக்குத் திரும்பிப் பார்த்தான். பின்னால் மண்டபப் பொறுப்பாளர் லோறன்ஸ் அண்ணை சுவரோடு ஒட்டி நின்றார். கை நிறைய ஸ்பீக்கர்களின் கரண்ட் வயர்கள். அவள் குரல் கேட்ட உடனேயே அவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தார்.

லொறி கிட்ட வந்துகொண்டிருந்தது.