தூணில் கீறல் விழும் என்றார்கள்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, மியூசியத்து அதிகாரி அம்மா அவர்களே, ராஜா கதையைப் படமாக்கிய டைரக்டர் தம்பி அவர்களே, என்னைப் பெறாமல் பெற்ற தாய்மார்களே, கடைசி வரிசையில் இடமில்லாமல் நிற்கும் லைட்காரத் தம்பிகளே, வணக்கம்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் பொறுத்துப் பொறுத்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

என் வீட்டுக்காரர் லைட்மேன். ஆள் உயரம், எல்லோருக்கும் 'ஒட்டகம்'. ஷூட்டிங் அன்று மியூசியத்துப் பெரிய கூடத்தில், சாரத்தின் உச்சியில் விளக்கோடு நின்றார். சாரம் ஆடியது. கயிற்றைத் தூணில் கட்டப் போனாராம். கீழேயிருந்து படக்காரர்கள் அதட்டினார்களாம்.

"யோவ் ஒட்டகம், தூணைத் தொடாதே! கீறல் விழும்!"

"சாரம் ஆடுது சார்."

"கயிறு கேமராவுல தெரியும்யா. ராஜா காலத்துல நைலான் கயிறு ஏது? கொஞ்ச நேரம் தம் கட்டி நில்லு."

இதெல்லாம் கீழே நின்ற அவருடைய கூட்டாளி சொன்னது. கல்லுக்குக் காவல் உண்டு, கண்ணாடிப் பெட்டிக்குக் காவல் உண்டு, கந்தலாய்ப்போன ராஜா சட்டைக்கும் காவல் உண்டு, கூலிக்காரனுக்கு உண்டா? சிலையைச் சுற்றி மெத்தை கட்டினீர்களே, சாரத்துக்குக் கீழே ஒரு கிழிந்த பாயாவது போட்டீர்களா? அவர் விழுந்ததும் சிலைக்கு மூக்கு இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களாமே, அது எந்த ஊர் நியாயம்?

யாரோ "உக்காரும்மா" என்கிறீர்கள். இத்தனை நாள் உட்கார்ந்துதான் இருந்தேன் ஐயா. இன்று நின்று பேசிவிட்டுப் போகிறேன்.

போன வாரம் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ராஜா கிரீடத்தைக் கழற்றுகிறார். பின்னால் 'தொப்'பென்று ஒரு சத்தம். ராஜா திடுக்கிட்டுத் திரும்புகிறார். "என்னா நடிப்புய்யா!" என்று அரங்கமே கைதட்டியது. பக்கத்தில் இருந்த கூட்டாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, அதுதான் அண்ணி" என்றார்.

டைரக்டர் தம்பியிடம் ஓடினேன். "அந்த இடத்தை மட்டும் வெட்டிடுப்பா."

"அந்த மாதிரி ஷாட்டு மறுபடி வராதும்மா."

அவரும்தான் தம்பி மறுபடி வரமாட்டார்.

அவர் பேருக்கு நீங்கள் கொடுக்கும் இந்தக் கேடயம் மேசையிலேயே இருக்கட்டும். இன்னும் சற்று நேரத்தில் இங்கே படம் ஓடப்போகிறது. வெட்டமாட்டார்களாம்; ஓடட்டும். தாய்மார்களே, பெரியோர்களே, உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராஜா திரும்பும்போது கைதட்டாதீர்கள். சாவு வீட்டில் எப்படி இருப்பீர்களோ, அப்படி இருங்கள்.

காது கொடுத்துக் கேட்டதற்கு நன்றி. அவர் சார்பிலும் உங்களுக்கு வணக்கம்.