பதினேழாம் எண் குப்பி

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, கொலோங் ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் வந்து தரையிலும் வாசற்படியிலும் அமர்ந்திருக்கும் நகாவ் மக்களே, வணக்கம்.

டாக்டர் நிஜோரா கலிதா போய்விட்டார். நமக்கெல்லாம் அவர் பைதேவ், மூத்த அக்கா. அவரைப் புகழ இங்கே பலர் இருக்கிறீர்கள். எனக்கு அந்தத் தகுதி உண்டா? ஆராய்ச்சிகளுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளையின் செயலாளர் நான். அவருடைய விண்ணப்பத்தை மூன்று ஆண்டுகளில் மூன்று முறை திருப்பி அனுப்பியது இந்தக் கைதான்.

பைதேவ் என்ன கேட்டார்? மாளிகையா கேட்டார்? வாய்ப்புற்று கண்ணுக்குத் தெரியும் முன்பே எச்சிலில் அதன் தடயம் இருக்கும் என்று நம்பினார். அதைக் கண்டறிய ஒரு கருவியும் ஓர் ஆய்வாளரும் கேட்டார். அவ்வளவுதான்! பணத்துக்குக் காத்திராமல் வீடு வீடாகப் போனார். வந்தவருக்குப் பாக்கு வெற்றிலை நீட்டாத வீடு நம் ஊரில் ஏது?

"பாக்கெல்லாம் அப்புறம். முதல்ல இந்தக் குப்பியில துப்புங்க."

"என்ன பைதேவ், விருந்தாளி வந்து வீட்டுக்காரங்களைத் துப்பச் சொல்ற கூத்து எங்கயாவது உண்டா?"

"இன்னையிலேர்ந்து உண்டு. உங்க மாமியாரையும் கூப்பிடுங்க, துப்புறதுல அவங்கதான் கெட்டிக்காரி!"

அன்று சிரித்துக்கொண்டே துப்பியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்! இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகள். அவற்றில் பெயர் இல்லை, எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது அவருடைய நோட்டில் மட்டும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாக்கே போடாத சிலருடைய எச்சிலையும் சேர்த்து உறைபெட்டியில் வைத்தார்.

'யோசனை புதிது. முன்னாதாரம் போதாது. ஆதாரத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.' மூன்று முறையும் இதே வரியை எழுதினேன். மூன்றாம் முறை என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் மாலோபிகா, கோழி முட்டை போட்டாத்தான் தீவனம்ங்கிறியே, தீவனம் இல்லாம அது எங்கேர்ந்து முட்டை போடும்?"

"எங்க சட்டதிட்டம் அப்படி, பைதேவ். நான் என்ன செய்ய?"

"வானத்திலேர்ந்தா விழுந்துச்சு சட்டம்? நீங்க எழுதினதுதானே!"

நான்காம் ஆண்டு, விதியைத் தளர்த்திப் பணம் கொடுத்தோம். அதற்குள் பைதேவின் கழுத்தில் கட்டி வந்துவிட்டது. நாக்கின் அடியில் தொடங்கிப் பரவிய புற்று. வாழ்நாளில் ஒரு துண்டு பாக்கு மெல்லாதவர்! யார் நினைத்திருப்போம்?

குப்பிகளைச் சோதித்த ஆய்வாளர் தீபஜ்யோதியும் நானும் முடிவுகளோடு அவர் கட்டிலருகே போய் நின்றோம்.

"ஆறு குப்பியில தடயம் இருக்கு பைதேவ். பதினேழுலதான் ரொம்ப அழுத்தமா இருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. அந்த ஆளை உடனே தேடிப் பிடிக்கணும். யாரு அது?"

பைதேவ் நோட்டைத் திறக்கவில்லை.

"பதினேழா? தேட வேண்டாம். அவளை எனக்கு நல்லாத் தெரியும். பிடிவாதக்காரி." பிறகு என்னைப் பார்த்தார். "ஆதாரம் கேட்டியே மாலோபிகா. இந்தா. போதுமா?"

போதுமா? காலண்டரைத் திருப்பினால் அந்த எண் நிற்கிறது. பேருந்தின் நெற்றியில் வருகிறது. தேநீர் ஆற்றும்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கிறது: போதுமா? நான் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் விண்ணப்பம் வந்தபோதே கையெழுத்திட்டிருந்தால் இன்று இந்தக் கூட்டம் எதற்கு?

மற்ற ஐவரையும் கண்டுபிடித்தோம். இதோ, முன்வரிசையில் இருக்கிறார் மீன்கடை ரொஹிலா பேகம். சிறிய அறுவை சிகிச்சையோடு தப்பித்தார். அவர் சந்தையில் கூவும் சத்தம்தான் பைதேவுக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம்!

நேற்றுக் கூடிய எங்கள் குழு, 'முன்னாதாரம்' என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்தே நீக்கிவிட்டது. இனி ஒரு புதிய யோசனை, புதியது என்பதற்காகத் திரும்பிப் போகாது. பைதேவின் கருவியும் நிற்காது. இது உறுதி.

ஆனால் அது குழுவின் கணக்கு. என் கணக்கு வேறு. சபையில் மன்னிப்புக் கேட்பவர் தட்டில் பாக்கு வெற்றிலை வைத்து மண்டியிடுவது நம் வழக்கம். எடுத்துக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். என் தட்டில் பாக்கு இல்லை. காலிக் குப்பிகள் இருக்கின்றன. எண்கள் இருநூற்றுப் பதின்மூன்றில் தொடங்குகின்றன.

இதோ, மண்டியிடுகிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். என்னை மன்னிக்க மனமில்லாதவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.