‘இல்லை’ என்று சொல்லக் கற்பித்தவருக்கு

பலெர்மோ மாநகரின் கால்சாப் பகுதியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் எங்கள் மேல்நிலைப் பள்ளியில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கில மொழியும் இலக்கியமும் கற்பித்து இன்று பணி நிறைவு காணும் ஆசிரியை திருமதி செலஸ்ரீனா அருளையா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் மடல்.

மன்னார் மண் ஈன்ற மாணிக்கமே! கண்டிப்புக்குள் கனிவையும் கனிவுக்குள் கண்டிப்பையும் கரந்து வைத்த கல்விக் கடலே! அயல்மொழியை அயலவர் நாட்டில் அந்நாட்டார் பிள்ளைகளுக்கே அள்ளி வழங்கிய அருந்தகையீர்!

இவ்வடைமொழிகளைக் கேட்டதும் உங்கள் வலது புருவம் மேலே ஏறுவதை இங்கிருந்தே காண்கிறோம். ‘எந்த வரியில் இருக்கிறது, காட்டு’ என்பீர்கள். காட்டுகிறோம், சற்றுப் பொறுத்தருள்க.

உங்கள் மக்களின் வழக்கப்படி தமிழில் ஒரு மடல் எழுதிச் சட்டம் போட்டுத் தரவேண்டும் என்று சிசிலிய நண்பர்கள் விரும்பினார்கள். எழுதும் பொறுப்பு கணினி அறையைப் பார்க்கும் கிருபனின் தலையில் விழுந்தது. அவர் ஒவ்வொருவரிடமும் போய் உங்களைப் பற்றி ஒரு கதை கேட்டார். கதைகள் குவிந்தன. வந்த புதிதில் பொலிதேயாமாப் பகுதியில் வீட்டு வேலை செய்துகொண்டே இந்நகரில் மறுபடி பட்டம் படித்த கதை, மழைநாளில் பள்ளிக்கு நடந்தே வந்த கதை, எல்லாம் உண்டு. ஆனால் ‘இதை எழுது’ என்று எல்லோரும் கைகாட்டியது எங்கள் தாழ்வாரங்களைத் துப்புரவாக வைத்திருக்கும் குகனேஸ்வரியை. ஆகவே இம்மடல் அவருடைய கதை, அதாவது உங்களுடைய கதை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குகனேஸ்வரி இங்கே வேலைக்குச் சேர்ந்த நாள்களில், மற்ற வகுப்புகளின் கதவருகே துடைப்பத்தோடு நின்றால் மனம் நிறையும். மாணவன் மேசையோரம் நின்று, கவிஞன் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அக்கால அரசியல் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். ஆசிரியர் தலையசைத்துப் புள்ளி போடுவார். படிப்பென்றால் அதுதான் என்று அவருக்கு ஐயமே இல்லை. உங்கள் வகுப்பிலிருந்தோ சந்தைக்கடை இரைச்சல் வரும். அதற்கு மேலாக, ‘நோ, ப்ரொபெஸ்ஸொரெஸ்ஸா’, அதாவது ‘இல்லை, ரீச்சர்’ என்று வகுப்பு முழுவதும் உங்களை எதிர்த்துக் கத்தும். பாவம், நல்ல மனிசி, பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை என்று அவர் உங்களுக்காக இரங்கினார்.

இரக்கம் ஒருநாள் எல்லை மீறியது. துடைப்பத்தோடு உள்ளே புகுந்தவர், பாதி இத்தாலிய மொழியிலும் பாதி தமிழிலுமாகப் பிள்ளைகளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ரீச்சருக்கே எதிர்க்கதையா, வெட்கமில்லையா என்று அவர் கேட்டதில் சொற்கள் விளங்காவிட்டாலும் சிசிலியப் பிள்ளைகளுக்குப் பொருள் நன்றாகவே விளங்கியது. நீங்கள் சிரிக்கவில்லை. அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்து விளக்கினீர்கள். கவிதையைக் கவிஞன் பெயர் மறைத்துக் கொடுப்பீர்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு பிழையான பொருள் சொல்வீர்கள். அதை மறுக்கும் வரியில் விரல் வைத்து, ஏன் பிழை என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிறுவவேண்டும்.

“பிழையெண்டு தெரிஞ்சுகொண்டோ ரீச்சர் சொல்லுறீங்கள்?” என்று குகனேஸ்வரி திகைத்தார்.

“ஓம் தங்கச்சி. நான் சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டினால், நாளைக்கு ஆர் சொன்னாலும் தலையாட்டுவினம்.”

அவர் திகைப்பு நீங்கவே இல்லை. எங்களுக்கும் அப்படித்தான். மற்றவர்கள் பாடத்திட்டத்தில் நூற்றாண்டுகளைத் தாண்டிக்கொண்டிருக்க, நீங்கள் ஒரே கவிதையோடு ஒரு கிழமை குந்தியிருப்பதைக் கண்டு ஆசிரியர் அறையில் முணுமுணுத்தவர்கள் இம்மடலில் கையெழுத்திட்டவர்களுள் உண்டு. உங்கள் பிள்ளைகளின் ஆங்கிலம் எப்படி இவ்வளவு உரம் பெற்றது என்று வியந்த பிறகே எங்களுக்கு விளங்கிற்று. ஆமென்று தலையாட்ட ஒரு சொல் போதும், இல்லையென்று நிறுவ ஒரு மொழி முழுவதும் வேண்டும்.

குகனேஸ்வரியின் மகள் சிவானுஜாவும் கன்னியரின் தயவால் இங்கேயே படித்தாள். அவள் வீட்டிலும் தாயிடம் காரணம் கேட்கத் தொடங்கினாள். தேர்விலும் இப்படிக் கேட்டுக் கெடுத்துக்கொள்வாளோ என்று தாய் அஞ்சினார். பள்ளி இறுதித் தேர்வில் மகள் தவறினால், நோயுற்ற ஒரு மூதாட்டியோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. தன் கைகள் செய்த வேலை மகள் கைகளுக்கு வரக்கூடாது என்பதற்காகவே குகனேஸ்வரி உழைத்தார். வாய்மொழித் தேர்வன்று காலை மகளுக்குத் திருநீறு பூசிவிட்டு, “அவை என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா, பிள்ளை” என்றார்.

இந்நாட்டில் அத்தேர்வை யாரும் போய்ப் பார்க்கலாம். அவ்வாண்டு ஆங்கிலப் பாடத்துக்கு வேறு பள்ளியிலிருந்து பரீட்சகர் வந்ததால் நீங்களும் பின்வரிசை வாங்கில், குகனேஸ்வரிக்குப் பக்கத்தில், வாய் திறக்க வழியில்லாமல் இருந்தீர்கள். பரீட்சகர் சிறு கவிதையொன்றை நீட்டினார். ஒரு பெண் மாலைதோறும் இரண்டு கோப்பைகளை எடுத்து வைக்கிறாள், தன்னுடையதை மட்டும் குடிக்கிறாள், பின்பு இரண்டையும் கழுவிக் கவிழ்க்கிறாள். இவள் கணவனுக்காக மனநிறைவோடு காத்திருப்பவள், அப்படித்தானே என்று அவர் கேட்டார். சிவானுஜா திரும்பிப் பார்த்தாள். தாய் மெல்லத் தலையசைத்தார். ஆம் என்றாள் மகள். ஆகவே இது இல்லற அமைதியைப் பாடும் கவிதை என்றார் அவர். அதற்கும் ஆம். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நீங்கள் கண்களை மூடிக்கொண்டீர்கள்.

அப்போது குகனேஸ்வரி எழுந்து வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது.

சாத்தப்பட்ட கதவைச் சிவானுஜா பார்த்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். இல்லை ஐயா என்றாள். யாரும் வாய் வைக்காத கோப்பையை ஏன் கழுவவேண்டும்? அவன் வரவில்லை என்பது வீட்டில் வேறு எவருக்கும் தெரிந்துவிடக் கூடாது. இவள் நிறைவோடு இல்லை, மானத்தைக் காத்துக்கொண்டிருக்கிறாள். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அந்த வரியை மறுபடி படித்தார். தாம் குறித்ததை வெட்டினார். அதன் பிறகு இருவரும் விவாதித்ததைக் கேட்டவர்கள் இன்றும் மெய்சிலிர்த்துச் சொல்கிறார்கள். மிக உயர்ந்த புள்ளியோடு தேறியவள் இன்று இதே நகரில் சட்டம் படிக்கிறாள்.

கிருபன் இம்மடலின் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தார்: ‘தாம் அருகிருந்தால் மகளின் நா எழாது என்று உணர்ந்து, ஞானத்தாய் குகனேஸ்வரி தாமே விலகி வழிவிட்டார்.’ எழுதியவருக்கு அந்த வாக்கியத்தில் கொஞ்சம் கர்வம். நேற்று அதைக் குகனேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினார். யார் எதைச் சொன்னாலும் ஓம் தம்பி, நல்லது தம்பி என்று மட்டுமே இப்பள்ளியில் சொல்லி வந்தவர், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். எங்கே அந்த இடம், காட்டும் என்றார். கிருபன் காட்டினார்.

“இல்லை. அது பிழை” என்றார் குகனேஸ்வரி. “நான் ஒண்டும் விளங்கி எழும்பேல்லை. அந்தாள் எழுதினதைப் பாத்திட்டு, என்ரை பிள்ளை தோத்திட்டாள் எண்டு நினைச்சனான். அழுகிறதை ஆரும் காணக்கூடாது எண்டுதான் வெளியாலை போனனான். வெட்டிப்போட்டு இதை எழுதும்.”

வெட்டினோம். எழுதினோம். பக்கத்தில் இருந்த நீங்களும் இன்றுவரை அறியாத செய்தி இது. அம்மையீர், உங்கள் வகுப்பில் ஒருநாளும் அமர்ந்திராத மாணவி ஒருவர், தம்மைப் போற்றி எழுதிய வரியிலேயே விரல் வைத்து மறுத்தார். இதைவிடப் பெரிய பாராட்டை எழுத எங்களுக்குத் தெரியவில்லை.

நோயணுகா உடலும் நொடியாத உள்ளமும் வாய்த்து, நூறாண்டைத் தாண்டியும் வாழ்வீர்களாக! மறுத்துப் பேச ஆளில்லாத வீட்டில் உங்களால் அடைந்து கிடக்க முடியாது. மாதத்தில் ஒருநாளாவது இங்கே வந்து, பிழையாக ஏதேனும் சொல்லிவிட்டுப் போவீர்களாக!

இங்ஙனம்,
உங்களை மறுக்கக் கற்றுக்கொண்டிருக்கும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
பலெர்மோ.

முதற் கையெழுத்து: குகனேஸ்வரி