பாலத்தில் நாலு ஃபிரேம்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் முதலில் செய்ய வேண்டியது அதைத் திட்டாமல் இருப்பது. ஆறு வருடமாகப் பாளையங்கோட்டையில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருவர் காதிலும் ஏறியதில்லை. மண்டையில் தட்டுவார்கள், சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார்கள். பிழை எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்து தேடுவதற்கு மட்டும் யாருக்கும் பொறுமை கிடையாது.

நேற்று உங்கள் ஏட்டையா என் வாக்குமூலத்தைத் தன் நடையில் எழுதிக்கொண்டிருந்தார். "ஆத்திரமடைந்து" என்று ஒரு சொல்லைப் போட்டார். நான் ஆத்திரமடையவில்லை. அதனால்தான் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். என் பெயர் தாணுமாலையன், வயது முப்பத்தாறு. இறந்துபோன குற்றாலலிங்கம் என் கூட்டாளி. ஆழ்வார்குறிச்சிக்காரன், வயது இருபத்தைந்து. இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினோம். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை வகுப்பு. அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரமெல்லாம் அந்த விளையாட்டுக்குத்தான் போயிற்று.

விளையாட்டு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். வெளிநாட்டுக் கார் பந்தய விளையாட்டு அது. அதிலிருந்த ஊரைப் பிய்த்து எறிந்துவிட்டு நம் ஊரை வைக்கலாம் என்று கண்டுபிடித்தவன் குற்றாலலிங்கம். ஒன்றரை வருடத்தில் நூற்று நாற்பது சங்கதிகளை உள்ளே சேர்த்தோம். ஜங்ஷன், டவுன் பஸ், விளக்குக் கம்பம், ரோட்டோரத்து ஆடு. பார்க்க வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள் என்று அல்வாக் கடை ஒன்றையும் வைத்தான். அவனுக்கு எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டும். எனக்கு அந்த வியாதி இல்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ஆறு.

கொக்கிரகுளம் பாலத்தின் மேல் கார் ஏறும்போது இரண்டு பக்கமும் தெரியும் தாமிரபரணி. குறுக்குத்துறைக்குப் போய் மூன்று ரோல் படம் எடுத்தேன். தண்ணீரை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி செய்தேன். அடியில் மணல் தெரிய வேண்டும், மேலே வெயில் உருள வேண்டும், பாறையைச் சுற்றி வரும் இடத்தில் நீர் சற்றுத் தயங்க வேண்டும். எட்டு மாதம். முதல் தடவை அது அசைந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் வெட்கமில்லை. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, என்னால் உண்டானது என்று சொல்ல இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

இனி ஃபிரேம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு வழக்கே புரியாது. சினிமாவில் வினாடிக்கு இருபத்துநாலு படம் ஓடுகிறது. விளையாட்டிலும் அப்படித்தான். அந்த எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டச் செய்யலாம். முப்பது இருந்தால் கார் வழுக்கிக்கொண்டு போகும். பத்துக்குக் கீழே இறங்கினால் விக்கும். எங்கள் விளையாட்டு ஜங்ஷனில் முப்பது காட்டியது. பாலத்தில் ஏறியதும் நாலு.

ஆனி மாதத்தில் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. அங்கே விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஆள், வெள்ளிக்கிழமை திருநெல்வேலி வருவதாகவும், நாங்கள் செய்ததைப் பார்க்க விரும்புவதாகவும், பிடித்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை உண்டு என்றும் எழுதியிருந்தார். இரண்டு பேர் பெயரும் கடிதத்தில் இருந்தது. ஆகவே பொறாமை என்று எழுதிவிடாதீர்கள்.

"பாலத்துல நின்னுருச்சுன்னா அவரு எந்திரிச்சுப் போயிருவாரு அண்ணாச்சி. அதுக்குள்ள இத கண்டுபிடிச்சாகணும்" என்றான் குற்றாலலிங்கம்.

கண்டுபிடிக்க உதவினேன். திரையில் படம் வரைகிற கார்டை ஓட்டும் டிரைவர் புரோகிராம் பழசாக இருக்கும் என்றேன், புதிது போட்டான். நாலுதான். சூடாக இருக்கும் என்றேன். மெஷினின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்தான். ஊரில் எல்லா சென்டரிலும் செய்வதுதான். நாலு. ஹார்ட் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தச் சொன்னேன், அது ஒரு அரை நாளைத் தின்றது. படத்தின் அளவைக் குறைக்கச் சொன்னேன், டவுன் பஸ் களிமண் உருண்டை போல ஆனது, எண் ஐந்தாக ஏறியது. நான் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமான யோசனை. அந்த இடங்களில் பிழை இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு அவனுக்கே புத்தி வந்தது. நூற்று நாற்பதில் பாதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. விக்கல் நின்றால் பிழை எடுத்த பாதியில், நிற்காவிட்டால் மிச்சத்தில். பிறகு அந்தப் பாதியில் பாதி. நல்ல முறை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பட்டியலைச் சுவரில் ஒட்டி, கழிந்ததையெல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தான். திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மிஞ்சின. பாலம், பாலத்துக் கைப்பிடிச் சுவர், ஆறு.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினுக்குள் இருந்த இரண்டு மெமரி அட்டைகளில் ஒன்றைப் பாதி வெளியே இழுத்துவிட்டேன். திரும்பி வந்து ஆற்றை நீக்கிவிட்டு ஓட்டினான். அப்போதும் விக்கியது. மூலையில் எண் ஆறு.

"பாத்தியால, ஆறு இல்லாமலும் இழுக்குது" என்றேன்.

அவன் மெஷினை அணைத்துப் போட்டான். ஆரம்பத்தில் மெமரியை எண்ணிக் காட்டுமே, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வர வேண்டிய இடத்தில் பதினாறு வந்தது. உள்ளே பார்த்து, அட்டையை அழுத்தி மாட்டினான். மறுபடி ஓட்டினான். பாலத்தின் மேல் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே வெறும் பள்ளம். மூலையில் முப்பத்தொன்று.

"அண்ணாச்சி, இத நீங்களா இழுத்துவிட்டிய?"

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருந்தாலும் சரி என்று விட்டிருப்பேன். திட்டியிருந்தால் அவன் இன்று உயிரோடு இருந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அவனோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினான்.

"எனக்குப் புரியுது அண்ணாச்சி. எட்டு மாசம் உக்காந்து செஞ்சிருக்கிய. முழுசா எடுக்க வேண்டாம். தண்ணிய மட்டும் எடுத்துட்டு, அங்கன ஒரே ஒரு ஆத்துப் படத்த விரிச்சு விட்டுருவோம். கார்ல போறவன் எவன் ஆத்தப் பாக்கப் போறான்?"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றரை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அந்த ஆற்றை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு அது கார் ஓடுகிற வழியில் கிடக்கும் ஈரம், அவ்வளவுதான். நூற்று நாற்பது சங்கதிகளில் எது பழுது என்று தேடிய அவனும் நானும் ஒரே முறையைத்தான் கையாண்டோம். விடை வேறாக வந்தது.

"செவ்வா ஒருநாள் பொறு. நல்ல கார்டு ஒண்ணு ஜங்ஷன்ல கெடைக்கு. புதங்கிழமை காலைல மாட்டிப் பாப்போம். அப்பவும் நாலுதான்னா ஆத்த எடுத்துரு" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "சரி அண்ணாச்சி. ஏழு மணிக்கே வந்துருதேன்" என்றான். புது கார்டால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்கும் தெரியும். என் மனம் கோணக் கூடாது என்று ஒத்துக்கொண்டான்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூசி உள்ளே போய்விடும் என்று ஊரில் எல்லா சென்டரிலும் வாசலிலேயே கழற்றச் சொல்கிறார்கள். கோயிலில்கூட அவ்வளவு கண்டிப்பு இல்லை. மெஷினின் இரும்பு உடம்பைத் தொட்டால் லேசாக விறுவிறுக்கும். 'எர்த் அடிக்குது' என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இவை இரண்டும் எல்லோருக்கும் பொது. குற்றாலலிங்கத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பழக்கம் உண்டு. கார்டைத் தொடுவதற்கு முன்னால் இடது உள்ளங்கையை மெஷினின் இரும்பில் பதித்துக்கொள்வான். உடம்பில் இருக்கும் மின்சாரம் கார்டைக் கெடுத்துவிடும் என்று எதிலோ படித்திருந்தான். அது எர்த் வழியாக இறங்க வேண்டும் என்பதற்காகவே பிளக்கையும் பிடுங்க மாட்டான். வேலையில் அவ்வளவு சுத்தம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அந்த மெஷினின் பிளக் பெட்டியைத் திறந்து, உள்ளே சிறு மாற்றம் செய்தேன். என்ன மாற்றம் என்று இங்கே எழுதத் தேவையில்லை, உங்கள் லைன்மேன் பார்த்துவிட்டார். பத்து நிமிட வேலை. மற்ற ஐந்து மெஷின்களின் பெட்டிகளையும் திறந்து சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். எட்டு மணிக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது. இதை எனக்குச் சாதகமாக எழுதச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சென்டரைப் பெருக்கித் துடைக்கிறவள் மைதீன் பாத்திமா. பாத்து என்று கூப்பிடுவோம். தினமும் ஆறு மணிக்கு வந்து துடைப்பாள், ஏழுக்குள் தரை காய்ந்துவிடும். புதன்கிழமை மட்டும் ஆறே முக்காலுக்கு வந்தால் போதும் என்றேன். "ஏன் அண்ணாச்சி, கரண்டு இல்லியா?" என்று கேட்டாள். "நீ ஒருநாளாவது பைய எந்திரிச்சு வாயேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். தரையை ஈரமாக விட்டாள் என்று நாலு நாளாக அவளை ஸ்டேஷனுக்கு வரவழைத்து மிரட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். நீங்கள்தான் பிழையைத் தவறான இடத்தில் தேடினீர்கள்.

ஏழு மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பாத்து வாளியை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். நான் கார்டு பெட்டியை அவன் கையில் கொடுத்தேன். உள்ளே இருந்தது சென்டரிலேயே கிடந்த பழைய கார்டு. அதை அவன் திறந்து பார்க்க நேரமில்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "பிஸ்மி சொல்லவா, பிள்ளையாரக் கும்பிடவா?" என்று, எதைத் தொட்டாலும் பிஸ்மி சொல்லித் தொடங்கும் பாத்துவின் பழக்கத்தைக் கேலி செய்துகொண்டே இடது கையை நீட்டினான்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்று நான் மட்டும் செருப்பைக் கழற்றவில்லை. மெயின் சுவிட்ச் வாசல் பக்கம்தான் இருக்கிறது, கைக்கெட்டும் தூரம். வினாடிகளை எண்ணினேன். எண்ணுவது எங்கள் தொழிலில் பழக்கம். அறுபது வரை எண்ணிவிட்டு அணைத்தேன். பிறகு சத்தம் போட்டுப் பாத்துவைக் கூப்பிட்டேன்.

அவன் அப்பா ஆழ்வார்குறிச்சியிலிருந்து மத்தியானம் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசத் தளர விட்டுராதீய தம்பி. ஒங்களப் பத்தித்தான் வீட்டுல எப்பவும் பேசுவான்" என்றார். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் அதை விபத்து என்று எழுதி, மெஷினைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். பிளக் பெட்டியை லைன்மேன் திறந்தது சனிக்கிழமை. இடையில் வெள்ளிக்கிழமை ஒன்று இருந்தது. அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்லிவிடுகிறேன், இந்தத் தாளில் இடம் இருக்கிறது.

குற்றாலலிங்கத்தின் மெஷினிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிக்கொண்டு, பெங்களூர்க்காரர் தங்கியிருந்த ஜங்ஷன் லாட்ஜுக்குப் போனேன். ஆற்றை எடுக்கவில்லை. ஒரு முக்கோணம்கூடக் குறைக்கவில்லை. இத்தனையும் எதற்காகச் செய்தேனோ அதை ஒருவர் கண்ணால் பார்க்கப் போகிறார். கூட்டாளி இரண்டு நாளைக்கு முன் தவறிவிட்டான் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்று என் தோளைத் தொட்டார். நல்ல மனிதர்.

விளையாட்டை ஓட்டினேன். ஜங்ஷனைப் பார்த்து அசந்துபோனார். டவுன் பஸ் வழிவிடாமல் முன்னால் போனபோது சிரித்தார். அல்வாக் கடையைக் கண்டதும் கை தட்டினார். கார் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் ஆறு. வெயில் உருண்டது, பாறையருகே நீர் தயங்கியது, எல்லாம் நான் செய்தபடியே இருந்தது. மூலையில் எண் நாலுக்கு வந்து நின்றது. கார் விக்கி விக்கிப் பாலத்தைக் கடக்க ஒரு யுகம் ஆயிற்று. அவர் முகம் சுளித்தார். மறுபடி பின்னால் போகச் சொன்னார், மறுபடி முன்னால். குனிந்து பார்த்தார்.

"இந்தத் தண்ணிதாங்க மொத்தத்தையும் கெடுக்குது. வேலை தெரியாத யாரோ பண்ணின மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் பிரமாதம். யார் செஞ்சது இது?" என்று கேட்டார்.

"குற்றாலலிங்கம்" என்றேன்.