மவுஸுக்கு இடம்

மவுஸ் இல்லாமலேயே கம்ப்யூட்டர் ஓடும். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. பழைய டாஸ் கம்ப்யூட்டருக்கு மவுஸ் என்றால் என்னவென்றே தெரியாது. டிரைவர் என்று ஒரு சின்ன நிரலை நாம் ஏற்ற வேண்டும். நம் கை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அந்த நிரல்தான் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்லும்.

ஐயா, நீங்கள் விபத்து விசாரணைக்கு வந்த அன்று இதை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை. விளக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது நான்.

என் பெயர் புருஷோத்தமன். வயது ஐம்பத்தாறு. புதுச்சேரி சாரத்தில் வீடு. சேதராப்பட்டில் இந்த அட்டைப்பெட்டி கம்பெனியில் பதினெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் வேலை. அதற்கு முன்பு மில்லில் இருந்தேன். மில் மூடியபின் பதினோரு மாதம் வேலை இல்லை. காலையில் குளித்து, சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போகிறவன் போல சைக்கிளில் கிளம்புவேன். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஐந்தரைக்கு வீடு திரும்புவேன். என் மனைவிக்குத் தெரியும். தெரியாதது போலவே டப்பாவைக் கட்டிக் கொடுப்பாள். மேலே படிக்கும்போது அந்தப் பதினோரு மாதத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டிங் பிரஸ் எளிமையானது. அட்டையைக் கையால் உள்ளே வைக்க வேண்டும். மேலிருந்து கத்திப் பலகை இறங்கி, கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்தில் வெட்டிவிட்டு ஏறும். முன்பக்கம் இரண்டு கம்பங்களில் ஒரு ஒளிக்கண் உண்டு. குறுக்கே கை போனால் ஒளி மறையும், கத்தி பாதியில் நிற்கும். அதை நேராகப் பிரஸ்ஸில் இணைத்திருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் பொருத்தியவர்கள் செலவு பார்த்து, பிரஸ்ஸை ஓட்டும் பழைய டாஸ் கம்ப்யூட்டர் வழியாக இணைத்துவிட்டார்கள். அதனால் கண்ணுக்கும் ஒரு டிரைவர் ஏற்ற வேண்டியிருந்தது.

அட்டைத் தூசி பட்டால் கண், கை வந்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடும். ஒரு ஷிப்டுக்கு இருபது முறை, முப்பது முறை. முதலாளியின் மகன் கோபிநாத் இதையெல்லாம் பழைய கம்ப்யூட்டரின் கோளாறு என்றே நினைத்தார். புது இயந்திரத்தின் படங்களை மேசையில் விரித்து வைத்திருந்தார். அதைப் பராமரிக்க விற்கிற கம்பெனியே ஆள் அனுப்பும்.

"தீவாளி ஆர்டர் முடியறதுக்குள்ள இன்னொரு வாட்டி மக்கர் பண்ணுச்சின்னா, மெஷின காயலாங்கடைக்கு ஏத்திடுவேன். அண்ணே, நீங்க வண்டியில முன்னாடி சீட்ல குந்திக்கலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம்தான் மவுஸ் பழுதானது. ஸ்வீட் பெட்டிக்குப் புது வடிவம் வரைய மவுஸ் இல்லாமல் முடியாது. பிரஸ்ஸில் வேலை பார்க்கும் அஞ்சலாட்சி தினமும் கேட்பாள்.

"இன்னாண்ணா, எலி செத்து மூணு நாளாவுது. எப்ப எடுக்கப் போறீங்க? நாத்தம் தாங்கல."

அலைந்து வேறொரு மவுஸ் வாங்கிவந்தேன். பழைய டிரைவருக்கு அது பிடிபடவில்லை. அதனுடன் வந்த டிரைவரை ஏற்றினால், நினைவகத்தில் இடமில்லை என்று திரையில் வந்தது. டாஸில் நிரல்கள் ஓடும் இடம் மொத்தமே அறுநூற்று நாற்பது கேபி. ஒரு சின்ன அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரையும் நிரல் பெரிய கட்டில். பக்கத்தில் கண்ணின் டிரைவர் ஒரு ஸ்டூல். மவுஸின் டிரைவர் ஒரு பீரோ. மூன்றும் கொள்ளாது.

நான்கு நாள் முயன்றேன். வரிசையை மாற்றினேன், தேவையில்லாததை எடுத்தேன். முப்பது தடவையாவது கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டிருப்பேன். வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தால் மறுபடியும் அந்த ஸ்டேஷன் பெஞ்ச் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டிரைவர்களை ஏற்றும் கோப்பில், கண்ணின் டிரைவர் வரிக்கு முன்னால் ரெம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்த்தேன். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைச் செயல்படுத்தாமல் தாண்டிப் போகும். மவுஸ் உயிர்பெற்றது. கண் போனதைப் பிரஸ் பொருட்படுத்தவில்லை. நிற்கும்படி யாராவது சொன்னார்களா என்று மட்டும்தான் அது பார்க்கும். சொல்ல ஆளே இல்லையென்றால், ஓடலாம் என்று எடுத்துக்கொள்ளும்.

அன்று பிரஸ் ஒரு முறைகூட நிற்கவில்லை. கோபிநாத் என் தோளில் தட்டி, "நீங்களும் மெஷினும், கெழவனுங்க ரெண்டு பேரும் பட்டாசு கெளப்புறீங்களே," என்றார்.

திங்கட்கிழமை அஞ்சலாட்சி கூப்பிட்டாள். "அண்ணா, கம்பத்துல பச்ச லைட்டு எரியல பாருங்க."

"அது பல்புதாம்மா பியூசு. கண்ணு உள்ள வேல செய்யுது."

"நெசமாவா?"

"நான் சொல்றேன்ல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் மெஷினைப் பற்றி நான் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு ஒரு அட்டை கோணலாக விழுந்தது. கண் நிறுத்திவிடும் என்ற பழக்கத்தில் அவள் வலது கையை நீட்டி அதை நேராக்கினாள். கத்தி நிற்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை.

அவளை வேனில் ஏற்ற எல்லோரும் ஓடினார்கள். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கோப்பில் எதை மாற்றினாலும் அன்றைய தேதி பதிந்துவிடும். அதனால் முதலில் கம்ப்யூட்டரின் தேதியை ஐந்து வருடம் பின்னால் தள்ளினேன். மூன்று எழுத்தை அழித்தேன். மறுபடி சரியான தேதியைக் கொடுத்து, அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. மொத்தம் மூன்று நிமிடம். வேன் அப்போதும் கேட்டைத் தாண்டவில்லை. அவள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் வந்து ஒரு மரக்கட்டையை நீட்டிப் பார்த்தீர்கள். பிரஸ் நின்றது. மூன்று முறை பார்த்தீர்கள், மூன்று முறையும் நின்றது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினீர்கள். கைக்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்காது என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். உங்கள் மேல் தவறில்லை.

இடமில்லை என்று மேலே எழுதினேன். அதைத் திருத்த வேண்டும். என் பையில் ஒரு பிளாப்பியில் வேறொரு மவுஸ் டிரைவர் இருந்தது. நான்கு கேபிகூட வராது. வெள்ளிக்கிழமை மாலை அதை ஏற்றினேன். மவுஸும் ஓடியது, கண்ணும் ஓடியது. பத்தாவது நிமிடம் தூசி பட்டுப் பிரஸ் நின்றது. கோபிநாத் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பெரிய டிரைவரையே திரும்ப ஏற்றினேன். இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியது மவுஸ் அல்ல, நிற்காத பிரஸ். கையைக் கொண்டுபோகும் என்று தெரிந்துதான் கண்ணை எடுத்தேன். யார் கை என்பது மட்டும் தெரியாது.

போன வாரம் அஞ்சலாட்சி கம்பெனிக்கு வந்திருந்தாள். வலது பக்கச் சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணா, லைட்டு எரியலன்னு நான் உங்கள கேட்டன்ல? வூட்ல குந்திகினு யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன். எரிஞ்சுகினுதான் இருந்திருக்கும் போல. எனக்குத்தான் புத்தி பிசகிட்டுது. பாவம், பதினெட்டு வருசமா பாத்துப் பாத்து வெச்சிருந்தீங்க. என்னால உங்க மெஷினுக்கு கெட்ட பேரு. மனசுல வெச்சிக்காதீங்க."

இடது கையை நெற்றிவரை உயர்த்திக் கும்பிட்டாள்.

"விடும்மா, நான் ஒண்ணும் நெனக்கல," என்றேன்.

அவளை நான் மன்னித்துவிட்டேன்.