எதிர்ப்பக்கத்துக் கைகள்

கிட்ட வந்து உட்காருங்கள்... கதவு சாத்தியிருக்கிறதா? கேட்டுவிட்டு, நடுராத்திரியில் பாத்ரூம் போக என்னைத் துணைக்கு எழுப்பினால் உதைதான் விழும்.

இது என் சிநேகிதனுடைய அக்காவுக்கு நடந்தது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அன்று ராத்திரி பதினொரு மணி... பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஆஸ்பத்திரி வரைக்கும் ஆளே இல்லாத ரோடு. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வார்டிலும் அதே கதிதான். கூட இருக்க வேண்டிய நர்ஸுக்குக் காய்ச்சல், லீவு போட்டுவிட்டாள். உள்ளே ஒரே ஒரு குழந்தை.

ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது அது. இரண்டு பக்கமும் கை விடுவதற்கு மூடி போட்ட ஓட்டைகள் உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மருந்து போவதற்காக, கையிலிருந்து இதயத்துக்குப் பக்கம் வரை நூல் போல ஒரு குழாய். அந்தக் கை வீங்கிச் சிவந்திருந்தது. உடம்பு துவண்டு, மூச்சு விட்டு விட்டு... பிரசவ அறையில் மாட்டிக்கொண்டிருந்த டாக்டருக்குப் போன் போட்டாள்.

"குழாய்ல கிருமி ஏறிடுச்சு சிஸ்டர். இப்பவே எடுத்துடுங்க. இல்லன்னா விடியறதுக்குள்ள குழந்தை போயிடும்."

"பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும் டாக்டர். நான் தனியா இருக்கேன்."

"யாரையாவது அனுப்பறேன்."

யாரும் வரவில்லை. கையுறை மாட்டி, பெட்டியின் ஓட்டைகளுக்குள் கைகளை விட்டாள். பாதி வந்த குழாய்... நின்றுவிட்டது. நரம்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த துண்டு நேரே நெஞ்சுக்குள் போய்விடும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு தனியாக அவள் இருந்ததே இல்லை. வருவது வரட்டும் என்று இழுக்கப் போனாள்.

எதிர்ப்பக்க ஓட்டைகளின் மூடி 'டக்'கென்று திறந்தது. இரண்டு கைகள் வந்தன.

அப்பாடா, ஆள் வந்தாச்சு! குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே மூச்சு விட்டாள். ஒரு கை அவள் மணிக்கட்டை அழுத்தி நிறுத்தியது. கையுறையைத் தாண்டிச் சில்லிட்டது. இன்னொரு கை குழந்தையின் தோளைத் தடவிக்கொடுத்தது... மெதுவாக... மெதுவாக. ஈரத் துணி வாடை அடித்தது.

குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது. முழுசாக.

"நல்ல நேரத்துல வந்தீங்க சிஸ்டர்" என்று நிமிர்ந்தாள்.

எதிரே வெறும் சுவர்தான். பெட்டி அதை ஒட்டியே நின்றது.

அதற்குப் பிறகு குழந்தைக்கு மூச்சு சீராகி, நிறம்கூடத் திரும்பியது. அதன் குட்டிக் கை மட்டும் எதையோ பிடித்தாற்போல மடங்கியிருந்தது, நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளியோடு. அய்யோ பாவம், துணை தேடுகிறது என்று நினைத்து, தன் சுண்டுவிரலை அந்த இடைவெளிக்குள் நுழைக்கப் பார்த்தாள்...

நுழையவில்லை. எதன் மேலோ முட்டியது.